தண்ணீரில் ஒருவர் காணாமல் போனால்: யாழ்ப்பாணத்துக் கரைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரவைக்கடல் என்று நாங்கள் சொல்லும் கடல்நீரேரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. சனசமூக நிலையத்துப் பெடியன்கள் சிலரும் துறையில் வள்ளம் வைத்திருக்கும் தொழிலாளர் சிலரும் சேர்ந்து, குளத்திலோ கடலிலோ யாராவது அகப்பட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தால் உடனே புறப்படுகிறோம். சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை. பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் செத்தவீட்டிலும் ஆட்கள் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்பவர் அவசரத்தில் இருக்கும்போது வடிவாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் ஆறுதலாக இருந்து இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லையே. மூழ்குவதற்கு இங்கே என்ன இருக்கிறது?

வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை என்பது சரி. மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு இருக்கிறது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தை வாங்கிக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக வந்து அராலியில் கடலோடு சேர்கிறது. தொண்டைமானாறும் உப்பாறும் பெயரில் ஆறு என்றாலும் நீரேரிகள். அவற்றின் வாயில் அணைக்கதவுகள் உண்டு. மாரியில் கதவு திறந்தால் அந்த இடத்தில் ஓடுகிற தண்ணீர் எந்த ஆற்றுக்கும் குறைந்ததில்லை. அப்புறம் ஊருக்கு ஊர் குளம், கேணி, தோட்டக்கிணறு. காங்கேசன்துறைப் பக்கத்தில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த கிடங்குகளில் தண்ணீர் நிற்கிறது. இவ்வளவுக்கும் மேல் கடல்.

எங்கள் ஊர்களில் ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், பாதி வருடம் அந்த இடங்களில் தண்ணீரே இருப்பதில்லை. ஆடி மாதத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிய குளத்தில் கார்த்திகையில் ஆள் மறையத் தண்ணீர் நிற்கும். பிள்ளைக்கு அது பழகின இடம். எந்த மூலையில் கல் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் புரட்டாதியில் யாரோ உழவு இயந்திரம் கொண்டுவந்து மண் அள்ளிய கிடங்கு அதற்குத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போகும், அடுத்த அடியில் கால் எட்டாது. 2008 இல் நிஷா புயலின்போதும் 2024 கார்த்திகை வெள்ளத்திலும் வீதி எது, வாய்க்கால் எது என்று பெரியவர்களுக்கே பிடிபடவில்லை.

ஒருவர் மூழ்குகிறார் என்றால் கத்துவார், கையை அசைப்பார்தானே?

இல்லை. இந்த ஒரு நினைப்பினால் எத்தனை பேர் ஆட்கள் பார்த்திருக்கவே போயிருக்கிறார்கள். உண்மையாக மூழ்குகிறவருக்கு மூச்செடுக்கவே நேரம் போதாது, கத்துவதற்கு எங்கே காற்று? வாய் தண்ணீருக்கு மேலே வரும், உடனே கீழே போகும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அவற்றைத் தூக்கி அசைக்க அவரால் முடியாது. உடம்பு ஏணியில் ஏறுவதுபோல நிமிர்ந்து நிற்கும். கால் அடிக்காது. தலை பின்னால் சாய்ந்து, மயிர் கண்ணில் விழுந்தாலும் விலக்க மாட்டார். தள்ளி நின்று பார்த்தால் சும்மா நின்று நீராடுவதுபோலவே இருக்கும்.

இந்த நிலை ஒரு நிமிடம்கூட நீடிக்காது. சின்னப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. குளிக்கும் பிள்ளைகளின் சத்தம் திடீரென்று நின்றால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உடனே எண்ணிப் பாருங்கள்.

நான் கரையில் நிற்கிறேன். கண் முன்னே ஒருவர் தத்தளிக்கிறார். முதலில் என்ன செய்வது?

கையில் எட்டுவதை நீட்டுங்கள். நீட்ட எட்டாவிட்டால் எறியுங்கள். எறியவும் எட்டாவிட்டால் வள்ளம் தேடுங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

நீட்டுவதற்கு வேலிக் கதியால், காய்ந்த பனை மட்டை, சாரம், சேலை, சைக்கிள் பம்ப் எதுவும் உதவும். நீட்டும்போது நிற்காதீர்கள். குப்புறப் படுங்கள், அல்லது பின்னால் ஒருவரை உங்கள் காலைப் பிடிக்கச் சொல்லுங்கள். பயத்தில் இருப்பவர் இழுக்கும் இழுவை, நிற்கிற ஆளைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்விடும்.

எறிவதற்கு நாங்கள் வைத்திருப்பது 5 லீற்றர் பிளாஸ்ரிக் கலன். அடியில் இரண்டு விரல் அளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கைப்பிடியில் 15 மீற்றர் நைலோன் கயிறு கட்டியிருக்கிறோம். வெறும் கலன் காற்றில் திரும்பி வந்துவிடும், உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் போய் விழும். குளக்கட்டுப் பிள்ளையார் கோயில் வேம்பில் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஒருமுறை யாரோ மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவென்று கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு கலனின் நெஞ்சில் சிவப்பு மையால் "உயிர் காக்க" என்று எழுதினோம். அந்தக் கலன் இப்போதும் வேம்பில்தான் இருக்கிறது.

எறியும்போது ஆளுக்கு நேராக எறியாமல், அவரைத் தாண்டி விழும்படி எறிந்து கயிறு அவர் தோளில் படுகிற மாதிரி இழுங்கள். ஓடும் தண்ணீர் என்றால் ஓட்டம் வரும் பக்கமாக எறியுங்கள், அது மிதந்துகொண்டே அவரிடம் போகும். "கலனைக் கட்டிப்பிடி, நாங்கள் இழுக்கிறோம்" என்று ஒருவர் மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். பத்துப் பேர் கத்தினால் அவர் காதில் ஒன்றும் ஏறாது.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். குதிக்கலாம்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மனம் கனக்கிறது. தம்பி மூழ்க அண்ணன் குதிக்கிறான், பிள்ளை போகத் தகப்பன் இறங்குகிறார், சிநேகிதன் போக இன்னொரு சிநேகிதன். ஒரு வீட்டில் இரண்டு பெட்டி வைத்த செத்தவீடுகளுக்குப் போயிருக்கிறேன். குதித்தவர்களில் பலர் நீந்தத் தெரிந்தவர்கள்.

நீந்துவது ஒன்று, மூச்சுக்குத் தவிக்கிற ஆளைத் தண்ணீருக்குள் கையாள்வது வேறொன்று. அவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. மிதக்கிற எதிலும் ஏறத்தான் பார்ப்பார். உங்கள் தலையில் கை வைப்பார், தோளில் ஏறுவார். பத்து வயதுப் பிள்ளைகூட ஒரு முழு ஆளைக் கீழே அமுக்கிவிடும்.

எந்த வழியும் இல்லை, போகத்தான் வேண்டும் என்றால் வெறுங்கையோடு போகாதீர்கள். லொறி டியூப், மூடிய கலன், பலகை, ஏதாவது மிதப்பதைக் கொண்டுபோய் அவருக்கும் உங்களுக்கும் இடையில் வையுங்கள். அவர் அதைப் பிடிக்கட்டும், நீங்கள் அதன் மறுபக்கத்தைப் பிடித்து இழுங்கள். தப்பித்தவறி உங்களைக் கட்டிப்பிடித்துவிட்டால் மேலே வரப் போராடாமல் கீழே போங்கள். அவருக்கு வேண்டியது மேலே இருக்கிற காற்று. நீங்கள் கீழே போனால் கையை விடுவார்.

யாருக்கு அழைப்பது?

அம்புலன்சுக்கு 1990. பொலிசுக்கு 119. வெள்ள நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, தீயணைப்புக்கு 110. 1990 சேவை 2018 ஆடியில் வடக்குக்கு வந்தது, காசு கேட்க மாட்டார்கள்.

இடத்தைச் சொல்லும்போது "எங்கட குளம்" என்று சொல்லாதீர்கள். கோயில், மதகு, சந்தி, பள்ளிக்கூடம் என்று வெளியாருக்குப் பிடிபடும் அடையாளம் சொல்லுங்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளில் பிரதான வீதிக்குப் போய் நின்று அம்புலன்சைக் கூட்டிவரட்டும். எங்கள் ஒழுங்கைகளில் புதிதாக வரும் சாரதி பகலிலேயே திண்டாடுவார்.

நீங்கள் வந்ததும் "கடைசியாக எங்கே கண்டீர்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஏன்?

ஒரு மார்கழி மாலையில் நடந்ததைச் சொல்கிறேன். குளக்கட்டில் இரண்டு சோடிச் செருப்பு இருந்தது. ஒன்றின் வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. ஒரு பெடியன் கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், மற்றவனைக் காணவில்லை. நாங்கள் போகும்போது அறுபது, எழுபது பேர் கூடிவிட்டார்கள். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் காட்டுகிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நாங்கள் வருவதற்குச் சற்று முன்னர் வந்தவர்கள், அவர்களும் காட்டுகிறார்கள். தாமரை படர்ந்த பக்கம் முழுக்க இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் அந்தச் செருப்பிலிருந்து நாலு பாகத் தூரத்தில் கிடந்தான். நடுங்கிக்கொண்டு நின்ற பெடியனை ஓரமாகக் கூட்டிப்போய் ஆறுதலாகக் கேட்டிருந்தால் அவன் அதைத்தான் சொல்லியிருப்பான். நாங்கள் கேட்கவில்லை.

அசையாத தண்ணீரில் மூழ்கியவர் தூரம் போக மாட்டார். கண்ட இடத்துக்கு நேர் கீழேயோ, அதற்கு மிகக் கிட்டவோதான் இருப்பார். அதனால் பார்த்தவர் ஒருவர் இருந்தால் அவரை அசைய விடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கட்டும். கைக்கு நேரே அக்கரையில் என்ன தெரிகிறது, பனையா, மின்கம்பமா என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வேறோர் இடத்தில் நின்று பார்த்திருந்தால் அவரது கோடும் வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தேடலைத் தொடங்கலாம். கடல் தொழிலாளர் கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் வைத்துக் கணியம் பார்த்து வலை விட்ட இடத்துக்குத் திரும்பப் போவது இதே முறையில்தான்.

நேரத்தையும் குறியுங்கள். 119 க்கு அழைத்த நேரம் கைபேசியில் பதிவாகியிருக்கும், அதைப் பார்த்துச் சொன்னால் போதும்.

வெளிநாட்டு ஆறுகளில் கயாக் ஓட்டுகிறவர்கள் தேடலுக்கு வருகிறார்களாமே. இங்கே அதற்கு வேலை உண்டா?

உண்டு. ஆனால் அதன் வேலை எது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். கயாக் என்பது ஒருவரோ இருவரோ இருந்து இரட்டைத் துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு. ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே போகும். இயந்திரம் இல்லாததால் சத்தம் இல்லை, சுழலும் தகடு மூழ்கியவரை வெட்டிவிடும் என்ற பயமும் இல்லை. வெளிநாட்டு ஆறுகளில் இதை ஓட்டும் தன்னார்வலர்கள், பெரிய படகு போக முடியாத கரையோரங்களையும், விழுந்த மரக்கிளைகள் தண்ணீரை வடிகட்டிக்கொண்டு நிற்கும் இடங்களையும் பார்க்கிறார்கள். ஓடும் தண்ணீர் ஆளை அப்படியான கிளைகளில்தான் கொண்டுபோய்ச் சொருகும்.

எங்களிடம் அந்த வேலைக்குச் சிறு வள்ளம் இருக்கிறது. பரவைக்கடலில் பெரும்பகுதி ஆழமில்லாதது. சவள் ஊன்றித் தள்ளிப் போகிறவருக்குக் கம்பு வழியாகவே அடித்தளம் தெரியும். இது சேறு, இது சாதாளை, இது மணல் என்று சொல்லிக்கொண்டே வருவார். எங்களோடு வரும் ஐயா ஒருவர், வயது எழுபதைத் தாண்டியவர், சவளைத் தூக்கி மறுபடி ஊன்றும்போது முகத்தைக் கொஞ்சம் சரிப்பார். கேட்டால், "தம்பி, மண்ணிலை குத்தினா ஒரு மாதிரி, மண் இல்லாததிலை குத்தினா வேறை மாதிரி" என்பார். அவர் நிறுத்து என்றால் நாங்கள் நிறுத்திவிடுவோம்.

கண்டல் மரங்களுக்குள்ளும், ஆகாயத்தாமரை மூடிய வாய்க்காலிலும் வள்ளமும் நுழையாது. அங்கே கயாக் இருந்தால் பெரிய உதவி. இரண்டு, மூன்று கயாக் ஒரே வரிசையில் இடைவெளி விட்டுப் போனால் கரையோரத்தை ஒன்றும் தவறாமல் பார்க்கலாம். காற்றுத்தான் அதற்கு எதிரி. சோளகம் வீசும் நாட்களில் திறந்த பரவையில் பழகாதவர் ஓட்டினால் அவரையே தேட வேண்டி வரும்.

உயிரோடு தத்தளிப்பவரிடம் எதில் போனாலும், பக்கவாட்டால் ஏற விடாதீர்கள், கவிழும். முனையையோ பின்பக்கத்தையோ பிடிக்கச் சொல்லி அப்படியே கரைக்கு வலியுங்கள். இயந்திரப் படகென்றால் கிட்டப் போகுமுன் இயந்திரத்தை நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். திறந்திருக்கும் அணைக்கதவுக்கு மேற்பக்கமாகக் கயாக்கோ வள்ளமோ கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் கதவை நோக்கி உறிஞ்சும். கீழ்ப்பக்கம் நுரைத்துச் சுழலும் இடமும் அப்படியே. உள்ளே விழுந்ததைத் திரும்பத் திரும்பக் கதவடிக்கே இழுக்கும். முதலில் கதவுக்குப் பொறுப்பானவரைக் கூப்பிட்டு மூடச் சொல்லுங்கள். தொண்டைமானாற்றில் மாரிக்காலத்தில் மீன் பிடிக்கக் கதவடியில் போய் நிற்பவர்களுக்கும் இதுதான்.

கசூரினாக் கடற்கரை போல ஆழமில்லாத இடத்தில் எப்படித் தேடுவது?

இடுப்பளவு தண்ணீர் வரைக்கும், பெரியவர்கள் கைகோத்து ஒரே வரிசையாக நின்று, காலைத் தூக்காமல் அடியில் உரசிக்கொண்டு மெல்ல நடக்கலாம். உயரமானவர் ஆழப் பக்கம் நிற்கட்டும். வரிசையைக் கரையில் ஒருவர் பார்த்து நடத்த வேண்டும். நெஞ்சளவு வந்தால் நிறுத்துங்கள். பிள்ளைகளை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள், காலில் தட்டுப்படுவது அவர்களது வகுப்புத் தோழனாக இருக்கக்கூடும்.

கடற்படைச் சுழியோடிகள் வந்தும் ஏன் உடனே இறங்குவதில்லை? இருட்டினால் ஏன் நிறுத்துகிறார்கள்?

இதைக் கேட்டு அவர்களோடு சண்டைக்குப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். அழுகிற வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு நிமிடமும் கொடுமை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் குளத்துத் தண்ணீருக்குள் சுழியோடிக்குக் கண் தெரியாது. கலங்கல் அப்படி. தன் கையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஒருவர் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் அரைவட்டமாகக் கையால் தடவிக்கொண்டே போகிறார். ஒரு வட்டம் முடிந்தால் கயிறு கொஞ்சம் நீட்டப்படும், அடுத்த வட்டம். கைவிட்ட வலை, முள்ளுக்கம்பி, உடைந்த போத்தல், மரவேர் எல்லாம் கீழே இருக்கும். முன்னரே நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் அவர் திரும்பி வரமாட்டார்.

இருட்டில் கயிறு பிடிப்பவருக்கும் தெரியாது, இறங்கியவருக்கு ஏதும் நடந்தால் அவரைத் தேடவும் முடியாது. உயிரோடு எடுக்கும் நேரம் கடந்துவிட்டால் இன்னொரு உயிரை வைத்து அவசரப்பட அவர்களுக்கு உரிமை இல்லை.

அவர்கள் வந்த பிறகு ஊரார் இறங்கிக் கலக்க வேண்டாம். ஐந்தாறு பேர் நீந்தினால் தண்ணீரும் கலங்கும், கயிற்றுச் சைகையும் குழம்பும். கண்ட இடத்தைச் சொல்லுங்கள், குளத்தின் அடி எப்படியென்று தெரிந்த ஆளைக் கூட்டிவந்து விடுங்கள். எங்கே கிடங்கு, எங்கே பழைய துலாக்கல், எங்கே படிக்கட்டு என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இருபது நீச்சல்காரருக்குச் சமம்.

எத்தனை நிமிடம் வரை நம்பிக்கை உண்டு?

மூழ்கிக் கிடந்த நேரம் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் என்றால் நல்ல வாய்ப்புண்டு. அதற்குமேல் ஒவ்வொரு நிமிடமும் குறைந்துகொண்டு வரும். அரை மணி தாண்டினால் எங்கள் தண்ணீரில் மிக மிகக் குறைவு. பனி நாடுகளில் நெடுநேரத்தின் பின்னும் பிள்ளைகள் பிழைத்த செய்திகள் வருகின்றன. உறைகுளிர் தண்ணீர் மூளையைக் கொஞ்ச நேரம் காக்கும், எங்கள் குளத்துத் தண்ணீர் மார்கழியிலும் அந்தளவுக்குக் குளிராது. அம்புலன்ஸ், பொலிஸ், கடற்படை யாராலும் பத்து நிமிடத்துக்குள் எல்லா ஊருக்கும் வர முடியாது. அந்தப் பத்து நிமிடமும் கரையில் நிற்கிறவர்களின் கையில் இருக்கிறது. வேம்பில் கலன் தொங்கவிட்டது அதற்காகத்தான்.

ஆனால் எடுத்ததும் "முடிஞ்சுது" என்று கரையில் தீர்ப்பு எழுதாதீர்கள். அதை வைத்தியர் சொல்லட்டும்.

வெளியே எடுத்துவிட்டோம். மூச்சு இல்லை. என்ன செய்வது?

முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன், அதுதான் இன்னும் நடக்கிறது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றில் ஏறி அமுக்குவது, கவிழ்த்த வள்ளத்தில் குப்புறப் போட்டு உருட்டுவது. "தண்ணியை வெளியே எடுக்கிறோம்" என்று செய்கிறார்கள். வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீரும் சோறும். அது திரும்ப மூச்சுக்குழாய்க்குள் போகும். நேரமும் போகும். அந்த உடம்புக்கு இல்லாமல் போனது காற்று, அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

மட்டமான இடத்தில் மல்லாக்காகக் கிடத்துங்கள். நெற்றியில் ஒரு கை, தாடையின் கீழ் இரண்டு விரல், தலையை மெல்லப் பின்னால் சரித்து மூச்சு வருகிறதா என்று பத்து எண்ணும் வரை பாருங்கள். இல்லையென்றால், மூக்கை அழுத்திப் பிடித்து, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊதுங்கள். ஐந்து முறை. அதன் பிறகும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மற்றக் கையை அதன்மேல் வைத்து, முழங்கை மடியாமல் அமுக்குங்கள். பெரியவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். 30 தடவை அமுக்கினால் 2 ஊதல், மறுபடி 30. கை சோர்ந்தால் அடுத்தவர் பிடிக்கட்டும். அம்புலன்ஸ் வரும்வரைக்கும் நிறுத்தாதீர்கள். சத்தி வந்தால் உடம்பை முழுதாக ஒருபக்கம் சரித்து, வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

மூச்சு திரும்பி, எழும்பி இருந்து கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரத்தின் பின் மூச்சை முட்ட வைக்கும். "பிள்ளை நல்லா இருக்கு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திட்டான்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கிணற்றில் விழுந்தால்?

வெறும் வாளிக்கயிற்றை இறக்காமல், அதன் நுனியில் டயரோ டியூபோ கட்டி இறக்குங்கள். தோட்டக்கிணறுகளில் இன்னொரு ஆபத்து, உள்ளே இறக்கி வைத்து ஓடவிட்ட தண்ணீர்ப் பம்பின் புகை. அந்தக் காற்றில் இறங்குகிறவர் அங்கேயே மயங்குவார், அவரை எடுக்க இறங்குபவரும் மயங்குவார். பம்ப் ஓடிய கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது, தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

உடல் தானாக மிதக்குமா?

உயிரற்ற உடம்பு முதலில் அடிக்குப் போகும். உள்ளே வாயு உண்டாகும்போது மேலே வரும். எங்கள் சூட்டில் அதற்கு ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கலாம். வலையிலோ வேரிலோ சிக்கியிருந்தால் வராது. அதனால் "மிதக்கட்டும்" என்று விட்டுவிட மாட்டோம், ஆனால் இரண்டாம் நாள் விடியவே குளத்தைச் சுற்றி ஆள் நிறுத்துவோம். தாய் தகப்பன் முதலில் காணக்கூடாது என்பதற்காக.

பொலிஸ், மரண விசாரணை எல்லாம் ஏன்? உடலை நேரே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதா?

முடியாது. திடீர் மரணம் என்பதால் மரண விசாரணை அதிகாரி பார்க்க வேண்டும், தேவையென்றால் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். கிராம சேவகரையும் ஊரில் விபரம் தெரிந்த ஒருவரையும் உறவினரோடு அனுப்பி வையுங்கள். அடையாள அட்டையைத் தேடி எடுத்துக் கொடுங்கள். அந்த நாளில் அந்தக் குடும்பத்தால் ஒரு படிவமும் வாசிக்க முடியாது.

கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

வேலை கொடுத்துத்தான். நீ வீதியில் நில், நீ கயிறு பிடி, அக்கா நீங்கள் தாயைக் கூட்டிக்கொண்டு போய் நிழலில் இருங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னால் கூட்டம் தானாகக் கரையும். மிஞ்சி நிற்பவர்கள் கைபேசியைத் தூக்குகிறவர்கள். அவர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன். தாய் வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்குள் மகனின் ஈர உடம்பு அவளின் கைபேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கனடாவில் தமையன் வேலைத்தளத்தில் நின்று அதைத் திறக்கிறான். யாருக்கும் அந்தப் படத்தால் ஒரு உதவியும் இல்லை. சாரத்தையோ சேலையையோ பிடித்து மறையுங்கள்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். ஊருக்குக் கயாக் வாங்கி அனுப்பலாமா?

நல்ல மனதோடு கேட்கிறீர்கள், அதனால் நேரே சொல்கிறேன். முதலில் கயாக் வேண்டாம். பழக்கம் இல்லாத ஊரில் அது ஒரு மாதம் விளையாட்டுப் பொருளாக இருந்து, பிறகு சனசமூக நிலையத்தின் பின்னால் வெயிலில் வெடிக்கும். முதலில் உயிர்காப்பு அங்கிகள், அதிலும் பிள்ளைகளின் அளவிலும் சில. மிதக்கும் கயிறு. தலையில் கட்டும் மின்சூள். அதைவிட, வருடத்துக்கு ஒருமுறை முதலுதவிப் பயிற்சிக்கும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குமான செலவு. சென் ஜோன் அம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவர்கள் முதலுதவி பழக்குகிறார்கள். இதெல்லாம் ஒழுங்காக நடக்கும் ஊரில், ஓட்டப் பழகிய நாலு பேர் இருந்தால், அப்போது இரண்டு கயாக் அனுப்புங்கள். நன்றாகப் பயன்படும்.

பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வெள்ளம் ஆண், பெண் பார்ப்பதில்லை. தீவுப்பகுதிக்குப் படகில் போய்வரும் ஆசிரியைகளும் தாதியரும் எத்தனை பேர். கேணியில் குளிக்கும்போது தம்பியைப் பார்த்துக்கொள் என்று அக்காவிடம்தானே விடுகிறோம். அவளுக்கு நீந்தவும் எறியவும் தெரியாமல் எப்படிப் பார்ப்பாள்? பெண்கள் பழக்கும் தனி வகுப்பு வைத்தால் வீட்டார் விடுகிறார்கள், எங்கள் ஊரில் விட்டார்கள். 2021 இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதே வருடம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூலை 25 ஐ உலக மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. ஆடி மாதம் என்பதால் எங்களுக்கு வசதி, குளம் வற்றியிருக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கிடங்குகளைக் காட்டிவிடலாம்.

உங்களோடு சேர என்ன தகுதி வேண்டும்?

நீந்தத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். கயிறு பிடிக்கவும், வீதியில் நிற்கவும், தாயோடு இருக்கவும் நீச்சல் தேவையில்லை. சொன்னதைக் கேட்பவராக இருக்க வேண்டும். மது அருந்தியிருந்தால் அன்றைக்கு வரக்கூடாது, அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

வெள்ளத்தில் இறங்கியவர் காயத்தைக் கழுவி, ஏற்பு ஊசி போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். 2024 மார்கழியில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களை எடுத்தது நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்றவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுங்கள். காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குகிறீர்கள்?

சில நாள் தூங்குவதில்லை. அன்றிரவு எல்லோரும் துறையில் கொஞ்ச நேரம் இருப்போம். கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப் போடுவோம். யாராவது ஒருவர் கதைக்கத் தொடங்குவார், மற்றவர்கள் கேட்போம். தனியே போகிறேன் என்கிறவனை இன்னொருவர் வீடு வரை கொண்டுபோய் விடுவார். நித்திரை வராமல், சாப்பிடாமல் கிழமைக்கணக்கில் இருந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவோம். இருவரைக் கூட்டிப்போயிருக்கிறோம். இப்போது இருவரும் எங்களோடுதான் வருகிறார்கள்.

அந்த மார்கழியில் போன பெடியனின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போனோம். தாய் ஒன்றும் கதைக்கவில்லை. கிளம்பும்போது உள்ளே போய், ஊசி குத்திய அந்தச் செருப்பை எடுத்துவந்து, "எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டார். ஐயாதான் முன்னால் நடந்து குளக்கட்டுக்குக் கூட்டிப்போனார். வேம்படியில் நின்று, அவர் கையை நீட்டிக் காட்டினார்.